கிரிவலப் பாதையில் ஒரு முகவரி



திருவண்ணாமலையில் பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் வீடு திரும்பியிருக்கும். திரும்புவதற்கு வீடில்லாதவர்கள் மட்டும் நடைமேடையில் படுத்திருப்பார்கள். காவி உடுத்திய அனைவரும் துறவறம் தேடி வந்தவர்கள் அல்ல. பிள்ளைகள் கைவிட்டதால் வந்தவர்கள் உண்டு. நோயோடு வந்தவர்களும் உண்டு. சோற்றுக்கு இங்கே பஞ்சமில்லை. அன்னதானம் செய்யும் நல்ல உள்ளங்கள் ஏராளம். இவர்களுக்கு இல்லாதவை படுக்கை, மருந்து, முகவரி. இம்மூன்றில் முகவரியைப் பற்றித்தான் இன்று நாம் சிந்திக்கிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் சுமார் 17.7 இலட்சம் பேர். அரசுத் திட்டங்களே இல்லை என்று சொல்ல முடியாது. ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் 1992 முதல் மானியம் தருகிறது. 2021 முதல் இது 'அடல் வயோ அப்யுதய்' திட்டத்தின் ஒரு பகுதியாக உள்ளது. 25 முதியோரைக் கொண்ட சிறிய இல்லமும் இதில் விண்ணப்பிக்கலாம். பிச்சையெடுத்து வாழ்வோரின் மறுவாழ்வுக்கென 2022-இல் 'ஸ்மைல்' திட்டம் வந்தது.

முன்னாள் படைவீரர்களின் நிலை சற்று வேறு. நமது வேலூர் மறைமாவட்டப் பகுதி பட்டாளத்திற்கு ஆள் அனுப்பிய மண். கம்மவான்பேட்டையை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். ஆனால் 15 ஆண்டு பணி முடிக்காமல் வெளியே வந்த சிப்பாய்க்குப் பொதுவாக ஓய்வூதியம் கிடையாது. ஓய்வூதியமில்லாத, 65 வயதைக் கடந்த, வறுமையில் வாடும் முன்னாள் வீரருக்கும் அவரது விதவைக்கும் மாதம் 4,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக இதைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்பதற்கு டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் தேவை. நடைபாதையில் படுத்திருப்பவர் எந்த முகவரியை எழுதுவார்? நாட்டின் எல்லையைக் காத்தவருக்குத் தன் பெயரில் ஒரு கதவு எண் இல்லை!

ஆகவே இல்லம் ஒன்று இருந்தால் கூரையோடு முகவரியும் கிடைக்கிறது. அந்த இல்லத்தை நடத்தப் பணம்? வெளிநாட்டு உதவியை நம்பியே நம் நிறுவனங்கள் பல காலம் இயங்கின. 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபின், அப்பணத்தை ஒரு நிறுவனம் வேறொரு நிறுவனத்திற்குப் பகிர்ந்தளிக்க முடியாது. மறைமாவட்டச் சங்கம் வாங்கிச் சிறிய இல்லங்களுக்குக் கொடுத்த வழி அடைபட்டது. உள்ளூர்க் காணிக்கையும் அரசு மானியமும்தான் மிச்சம்.

சிலர் கேட்கிறார்கள்: "அரசுப் பணம் வாங்கினால் நம் சுதந்திரம் போய்விடாதா?" நியாயமான கேள்விதான். மானியம் வாங்கும் இல்லத்தில் சாதி, மத வேறுபாடின்றி அனைவரையும் ஏற்க வேண்டும். அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். இதில் நாம் இழப்பது என்ன? கோவில் நகரில் நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களும் உண்டு. திறந்த கணக்கும் திறந்த கதவும் அவர்களுக்கு நல்ல பதில். காவி உடுத்திய பெரியவர் அதே காவியில், நெற்றித் திருநீற்றோடு நம் இல்லத்தில் இருக்கட்டும். சமையலறை சைவமாகவே இருக்கட்டும்.

உண்மையான தடை வேறு. சேவை செய்யும் அருட்சகோதரிகளுக்கு முதியவரின் புண்ணைக் கழுவத் தெரியும்; இணையத்தில் விண்ணப்பம் ஏற்றத் தெரிவதில்லை, அதற்கு நேரமும் இல்லை. சங்கப் பதிவு, 'என்.ஜி.ஓ. தர்பண்' எண், தணிக்கை செய்த கணக்குகள், 'இ-அனுதான்' தளத்தில் பதிவேற்றம், அதன்பின் ஆய்வு, பரிந்துரை. ஒரு தாள் குறைந்தாலும் கோப்பு அப்படியே நிற்கும். மானியம் கிடைத்தாலும் தவணையாகத்தான் வரும். செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது படிவம் 12-ஏ, போகாமல் அடுத்த தொகை வராது. இடைப்பட்ட மாதங்களில் அரிசிக்கடைக்காரர் காத்திருப்பாரா? லூக்கா நற்செய்தி 14-ஆம் பிரிவில், கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் மனிதரை இயேசு காட்டுகிறார். 217 அடி இராஜகோபுரத்தின் நிழலில் வாழும் நமக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் வீடற்ற முன்னாள் வீரர்கள் 2010-இல் ஏறத்தாழ 74,000 பேர். 2024 ஜனவரியில் 32,882 பேர். அரசு வீட்டுவசதி உதவிகளோடு, தொண்டு நிறுவனங்களுக்கு நேரடி மானியமும் கொடுத்தது. மானியம் பெற்றவற்றில் கத்தோலிக்க அறநிலையங்களும் உண்டு. விண்ணப்பிப்பது எப்படி என்ற வழிகாட்டுதலையும் மானியம் தரும் துறையே வழங்குகிறது. நம் ஊரில் அந்த வழிகாட்டியாக யார் இருப்பது?

நம் பங்குகளிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தாலுகா அலுவலக எழுத்தர், தணிக்கையாளரிடம் வேலை பார்க்கும் இளைஞர், பட்டாளத்திலிருந்து வந்த சுபேதார்... ஞாயிறு திருப்பலியில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்களும் இவர்கள்தானே! வின்சென்ட் தே பவுல் சபை வீடு வீடாகச் செல்வதைப்போல, இவர்கள் மாதம் ஒருமுறை இல்லம் இல்லமாகச் சென்று கணக்கை ஒழுங்குபடுத்தலாம். சுபேதார் கிரிவலப் பாதையில் முன்னாள் வீரர்களை விசாரிக்கலாம். ரெஜிமெண்ட் பெயரைக் கேட்டால், பேச மறுக்கும் முதியவரும் நிமிர்ந்து உட்காரக்கூடும். மானியம் தாமதமாகும் மாதங்களுக்கெனப் பங்குப்பேரவை ஒரு சுழல் நிதி வைக்கலாம். தவணை வந்ததும் திருப்பிக் கட்டிவிட வேண்டும்.

போர்வீரராயிருந்து, தன் மேலாடையைக் கிழித்து ஏழைக்குப் பாதி கொடுத்த தூய மார்ட்டினின் விழா நவம்பர் 11. திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக வறியோர் நாளும் 2017 முதல் அதே மாதத்தில்தான் வருகிறது. அந்த ஞாயிறு பிரியாணிப் பொட்டலம் கொடுப்பது நம் வழக்கமாகிவிட்டது. இவ்வாண்டு அதோடு மறைவட்ட அளவில் ஒரு நாள் பயிற்சியும் வைக்கலாம். இல்லம் நடத்துவோர் பதிவுச் சான்றிதழையும் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் எடுத்து வரட்டும். மடிக்கணினியோடு இளையோர் வரட்டும். மாலைக்குள் தர்பண் எண் இல்லாத இல்லங்களுக்கு அதற்கான விண்ணப்பத்தையாவது அனுப்பிவிடலாம்.