பெட்டிக்குக் கோடு இருக்கிறது, ஆளுக்கு இல்லை

சிவகாசியில் ‘தொழில்நுட்பத்தால் பட்டாசுத் தொழில் மாறிவிட்டது’ என்கிறார்கள். மாறியது உண்மைதான் தோழர்களே. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. அடுத்த ஆண்டே நீரி நிறுவனத்தின் க்யூஆர் கோடு பெட்டியில் ஏறியது. செல்போனைக் காட்டினால் அசலா போலியா என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். அதே தீர்ப்பு ஆன்லைன் விற்பனையையும் தடுத்தது; வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் வராத தீபாவளி உண்டா?

விற்பதற்கு இவ்வளவு மூளை. அந்தப் பெட்டிக்கு மருந்து செலுத்தியது யார், எந்த அறையில், எத்தனை பேர் உட்கார்ந்து? கோடு சொல்லாது.

ஒரு அறையில் 4 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லைசென்ஸ் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகைக்காரர்கள் கையில் என்பது அப்புறம்தான் வெளியே வந்தது.

காலையில் நம் தெருக்களுக்கு வேன் வருகிறது. ஏறுகிறவர்களின் பெயர் பல நேரம் ஃபோர்மேனின் நோட்டோடு சரி. வெடித்தபின், அம்மா அங்கேதான் வேலை செய்தாள் என்று மகள்தான் நிரூபிக்க வேண்டும். இஎஸ்ஐ, பிஎஃப் எல்லாம் பிறகு.

அறைவாரியாக அன்றைய ஆள் பட்டியலைச் செல்போனில் ஏற்றுவது பெரிய வித்தையல்ல. ஐந்தாவது பெயர் ஏறினால் ஆய்வாளருக்குத் தகவல் போகட்டும். ஆனால் அந்தப் பதிவு முதலாளி கையில் மட்டும் இருந்தால் அது வெறும் கண்காணிப்பு; தொழிலாளி கையிலும் ஒரு நகல் வேண்டும். இதை மனுவாக எழுதி, திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம்.