பழகும் காலத்துக்கும் நிதி வேண்டும்

மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலச் சிக்கல்கள் உள்ளோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்றது 2015-16 தேசிய மனநல ஆய்வு. மருத்துவமனைகளைப் பெருக்குவதால் மட்டும் இது தீராது. காஞ்சிபுரம், கோவா, சதாரா பகுதிகளில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் நடத்திய ஆய்வு 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோயின் தாக்கம் ஓரளவு குறைந்தது. பலன் பெரிதல்ல, உண்மைதான். ஆனால், மருத்துவ வசதி மிகக் குறைந்த தமிழகக் கிராமங்களில்தான் அது கூடுதலாகத் தெரிந்தது.

இத்தகைய ஆய்வைத் தொடங்கும் இளம் ஆய்வாளருக்கு ஊர் மக்களின் நம்பிக்கையைப் பெறவே மாதக்கணக்கில் ஆகும். அக்காலத்தில் கட்டுரை எதுவும் வராது. கட்டுரைகளை எண்ணியே நிதி தருவோம் என்றால் அவர் ஊர்ப்பக்கம் போகவே மாட்டார். ஆகவே பழகும் காலத்துக்கும், ஆய்வை வடிவமைக்க உதவும் நோயாளிகள், குடும்பத்தினரின் உழைப்புக்கும் நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும். மக்களோடு நெருங்கினால் நடுநிலை கெடும் என்பார்கள். மேற்சொன்ன ஆய்வில் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் முறையில்தான் முடிவானது. பலனை மதிப்பிட்டவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. அனுபவக் குறைவு என்பது நியாயமான கவலை. மூத்த ஆய்வாளர் ஒருவரின் வழிகாட்டலை நிபந்தனையாக்கலாம், நிதியை மறுக்க வேண்டியதில்லை.