காது கொடுத்துக் கேட்ட மாணவன்

“கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்” என்றேன், தொடக்கநிலை 3 தமிழ் வகுப்பில் ஒருநாள். ஒரு மாணவன் மட்டும் எழுந்து வந்து, தலையைச் சாய்த்துக் காதை என் பக்கம் நீட்டினான். வகுப்பே சிரித்தது. குறும்பு என்று நினைத்து அதட்டினேன். அவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

அவன் குறும்பு செய்யவில்லை. நான் சொன்னதைச் செய்தான். ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகள் பலர் சொற்களை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்வார்கள் என்பதை நான் அதன்பிறகே புரிந்துகொண்டேன். மரபுத்தொடர் இல்லாமல் பேசத் தெரியாத தமிழாசிரியர்களுக்கு இது பெரிய பாடம்.

பிறகு சிலவற்றை மாற்றினேன். அன்றைய பாடவேளையில் நடக்கப்போவதைப் படங்களாக வரிசைப்படுத்தி அவன் மேசையில் ஒட்டினேன். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொன்னேன். மணி அடிக்கப்போவதை ஐந்து நிமிடம் முன்பே தெரிவித்தேன். “என் முகத்தைப் பார்த்துப் பேசு” என்று வற்புறுத்துவதை விட்டேன். சன்னலைப் பார்த்தபடியே அவன் சரியான பதில் சொன்னான். அந்தப் படவரிசை மற்ற மாணவர்களுக்கும் பயன்பட்டது.

சிங்கப்பூரில் மிதமான, கடுமையான சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் 2019 முதல் பொருந்துகிறது. இவனைப்போல் வழக்கமான பள்ளிகளில் படிப்பவர்களும் பலர். சட்டம் பிள்ளையைப் பள்ளிவாசல்வரை அழைத்துவரும். வகுப்பில் அவனுக்கு இடம் தரவேண்டியவர்கள் நாம்தான்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பிவிடும் என்று அஞ்சி, வீட்டில் தமிழை நிறுத்திவிடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இருமொழிச் சூழல் இப்பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. தமிழ் மட்டுமே பேசும் பாட்டி இருக்கும் வீட்டில் தமிழை எடுத்துவிட்டால், பிள்ளை பாட்டியின் பேச்சையும் சேர்த்தே இழக்கிறது. தாய்மொழிப் பாடத்திலிருந்து சிலருக்கு விலக்கு தேவைப்படலாம். அந்த விலக்கு வீட்டுப் பேச்சுக்கு வேண்டாமே.

மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவர் வித்தியாசமாக நடந்துகொண்டால் சிரிப்பதற்குமுன் ஒரு நொடி பொறுங்கள். அன்று என் வகுப்பு சிரித்தபோது அதைத் தடுத்திருக்க வேண்டியவன் நான். தடுக்காமல் அதட்டினேன். அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.