வராத தூக்கமும் கிடைக்காத தூக்கமும்

பெருந்தொற்றுக் காலத்து உறக்கமின்மையும் வாழ்க்கைத் தரமும் குறித்த ஆய்வுக் கட்டுரைகளைச் சில மாதங்களாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை: இணையவழி வினாப்பட்டி, உறக்கமின்மைத் தீவிரக் குறியீடு, உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாப்பட்டி, இரண்டுக்கும் இடையே ஓர் எதிர்மறை ஒட்டுறவு, முடிவில் மனநல ஆலோசனைக்கான பரிந்துரை. இவை தவறானவை என்பது என் வாதமன்று. கோலார் தங்கவயலை இக்கருவிகளால் அளந்தால் எது அளவைக்குள் வராமல் போகிறது என்பதே என் கேள்வி.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூறாண்டுக்கும் மேலாகச் சுரங்கத்தின் ஷிப்ட் நேரத்தை ஒட்டி உறங்கி எழுந்த ஊர், அதன்பின் ரயில் நேரத்தை ஒட்டி உறங்கி எழத் தொடங்கியது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து, பெங்களூருவில் கட்டட வேலையும் காவல் பணியும் கடை வேலையும் முடித்து இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கானோர். மூன்று மணிக்கு எழுந்து சோறு கட்டும் பெண் பத்து மணிக்கு முன் படுப்பதில்லை. அவருக்கு இன்சோம்னியா உண்டா? மருத்துவ வரையறையின்படி இல்லை. உறங்கப் போதிய வாய்ப்பு இருந்தும் உறக்கம் வராமையே இன்சோம்னியா. வாய்ப்பே இல்லாதவருக்கு இருப்பது உறக்கப் பற்றாக்குறை மட்டுமே.

தமிழ் வழக்கு இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகிறது. 'நான் தூங்கவில்லை' என்பதில் எழுவாய் 'நான்'. 'எனக்குத் தூக்கம் வரவில்லை' என்பதில் எழுவாய் 'தூக்கம்'. பேசுபவரோ நான்காம் வேற்றுமை ஏற்று, வரவேண்டிய ஒன்றுக்காகக் காத்திருப்பவராகிறார். தங்கவயலில் புழங்கும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே அமைப்புதான். 'தூங்க நேரமில்லை' என்பது மூன்றாவது கூற்று. அது உடலைப் பற்றியதே அன்று, வேலையைப் பற்றியது. வினாப்பட்டியின் மொழிபெயர்ப்பில் வரும் 'தூக்கமின்மை' என்னும் ஒற்றைப் பெயர்ச்சொல் இம்மூன்றையும் விழுங்கிவிடுகிறது.

2020 மார்ச் 22 அன்று நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் 25 முதல் பொதுமுடக்கம். தங்கவயலின் தொழிலாளர்களுக்கு அதுவரை கிடைக்காத ஒன்று திடீரெனக் கிடைத்தது: உறங்குவதற்கான நேரம். எங்கள் லைனில் வசிக்கும் ஓர் அக்கா அப்போது சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "இத்தன வருஷமா தூங்க நேரமில்ல. இப்ப நேரம் இருக்கு, தூக்கம் வரல." ரயில் இல்லாத நாள்களிலும் மூன்று மணிக்கு அவருக்கு விழிப்பு வந்தது. எழுந்து அமர்ந்து, வர வேண்டிய கூலியையும் கட்ட வேண்டிய குழுக்கடனையும் இருட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2020 மே மாதம் வரை கோலார் மாவட்டத்தில் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை; அரசின் பட்டியலில் அது பச்சை மண்டலம். நோய்க்கிருமி வந்து சேருமுன்பே உறக்கம் போய்விட்டது. ஆகவே 'தொற்று அச்சத்தால் உறக்கமின்மை' என்ற எளிய விளக்கம் தங்கவயலின் முதல் சில வாரங்களுக்குப் பொருந்தாது. முதலில் வந்தது கூலி நின்ற அச்சம். நோயச்சம் அதன்பின் வந்தது; வந்தபோது இவ்வூருக்கே உரிய உருவில் வந்தது. சிலிகோசிஸ் பாதித்த பழைய சுரங்கத் தொழிலாளி இரவில் இருமுவது இங்கு யாருக்கும் புதிதன்று. ஆனால் 2021இன் இரண்டாம் அலையில் அதே இருமலை வீடு முழுவதும் விழித்திருந்து கேட்டது. இது பழைய தூசியா, புதிய நோயா? சந்தேகம் வந்தால் நள்ளிரவில் எங்கே கொண்டுபோவது? சுரங்கத்தோடு மூடப்பட்ட பி.ஜி.எம்.எல். மருத்துவமனையை 2021 மே மாதத்தில்தான் தன்னார்வலர்கள் துப்புரவு செய்து கோவிட் சிகிச்சைக்கு ஆயத்தப்படுத்தினர். அதுவரை இருபது ஆண்டுகள் அது பாழடைந்து கிடந்தது.

இனி அளவைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்க வினாப்பட்டியில் 26 வினாக்கள். உடல், உளம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என நான்கு களங்கள். அதன் மூல உருவாக்கத்தில் பங்கேற்ற மையங்களுள் சென்னையும் ஒன்று என்பதால், அதை அயல் கருவி என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. ஆயினும் அதில் உறக்கம் குறித்த வினா உடல் களத்தில் இருக்கிறது. பணம், வீடு, போக்குவரத்து, மருத்துவ வசதி, பாதுகாப்பு ஆகியவை சுற்றுச்சூழல் களத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு களத்துக்கும் தனித்தனி மதிப்பெண். அந்த அக்காவின் உறக்கத்தைக் கெடுத்தவை யாவும் ஒரு பெட்டியிலும், கெட்ட உறக்கம் மற்றொரு பெட்டியிலும் போய்ச் சேர்கின்றன. களங்களின் மதிப்பெண்களை மட்டும் பார்க்கும் ஆய்வாளருக்கு இடையிலுள்ள கண்ணி தெரியாது.

பரிந்துரைகளின் நிலையும் அதுவே. உறக்கமின்மைக்கான அறிதல்–நடத்தைச் சிகிச்சை பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. அதன் முதன்மை அறிவுரைகளுள் ஒன்று, உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் செல்ல வேண்டும் என்பது. ஓர் அறையும் ஒரு சமையற்கட்டுமாக உள்ள லைன் வீட்டில், ஐவர் பாய் விரித்துப் படுத்திருக்கையில், வேறு அறை எது? வாசற்படிதான். ஊரடங்கில் அதிலும் அமர்ந்திருக்க முடியாது.

வறுமை இருக்குமிடத்தில் உறக்கக் கோளாறே இல்லை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். காரணம் கூலியாக இருந்தாலும் உறங்காத உடல் ஒன்றுதான். ரயில் மீண்டும் ஓடிய பிறகும் உறக்கம் திரும்பாதவர்கள் உண்டு. அவர்களுக்கு மருத்துவம் வேண்டும். நான் கேட்பது அதற்கு முந்தைய ஒரு படிதான். கள ஆய்வுக்குச் செல்லும் நண்பர்கள் வினாப்பட்டியைத் தொடங்குமுன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கலாம்: தூங்க உங்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? கிடைக்கும் நேரத்தில் தூக்கம் வருகிறதா? 'வரவில்லை' என்றால், விழித்திருக்கும்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை அவர்களுடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். திறன்பேசியில் படிவம் நிரப்பத் தெரிந்தவர்களை மட்டும் கேட்காமல், லைன் வீட்டு வாசலிலும் மாரிக்குப்பம் நடைமேடையிலும் நின்று கேட்கலாம்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பது தெரியாது. அது வரும்போது நம் கையில் ஆயத்தமாக இருக்கப்போவது இதே வினாப்பட்டிகள்தாம். அவற்றைத் திருத்துவதற்கான காலம், யாரும் அவசரப்படுத்தாத இந்த இடைவெளிதான்.