எரிச்சல் நின்னா போதுமா?

எங்க அரக்கோணத்துல யாருக்கு வயிறு எரிஞ்சாலும் ஒரே தீர்ப்புதான்: "நேரத்துக்குச் சாப்பிடல, காரம் ஜாஸ்தி." மெடிக்கல் ஷாப்புல ஒரு மாத்திரை, ரெண்டு நாள் மோர் சாதம், வழக்கு முடிஞ்சது. பெரிய வியாதின்னா காட்பாடிக்கு ரயில் ஏறுவோம். வயித்தெரிச்சலுக்கு யார் ஏறுவா?

அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் காரம் இல்ல, ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற கிருமி. பெர்த் நகரத்து டாக்டர் பேரி மார்ஷல் இதை நிரூபிக்க 1984-ல் அந்தக் கிருமியை வளர்த்துத் தானே குடிச்சார். சில நாள்லயே இரைப்பை வீங்கி வாந்தி எடுத்தார். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைச்சது.

என் மாமாவுக்கும் இதே கிருமிதான். 14 நாள் கோர்ஸை அஞ்சாம் நாளே நிறுத்திட்டார். "எரிச்சல் நின்னுடுச்சே!" நின்னது சரி. ஆனா நிறுத்தினது அந்தக் கோர்ஸ்ல இருக்கிற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. கிருமி செத்துடுச்சுங்கிறதுக்கு அது சாட்சி இல்ல.

கிருமி முழுசா ஒழிஞ்சாலும் இரைப்பையின் உள்சுவர் மெதுவாத்தான் தேறும். முதல்ல சண்டைக்கு வந்த நியூட்ரோஃபில் அணுக்கள் சில வாரத்துல கலைஞ்சிடும். லிம்போசைட்டுகள் மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல தங்கும். தேய்ஞ்சுபோன சுரப்பிகள் ஓரளவு திரும்பலாம். ஆனா இரைப்பைச் சுவர் குடல் சுவர் மாதிரியே மாறிப்போயிருந்தா, அது பெரும்பாலும் பழைய நிலைக்கு வர்றதில்ல. புற்றுநோய்க்குப் போற பாதையில அது ஒரு படி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியல்ல சேர்த்தது.

பயமுறுத்தல. கிருமி இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் புற்றுநோய் வர்றதே இல்ல. நான் சொல்றது ஒண்ணுதான்: சுவர் மாறுறதுக்கு முன்னாடியே வைத்தியம் முடியணும். பாதியில விட்டா, மிச்சமிருக்கிற கிருமி அந்த மருந்துக்கே அடங்காம போகலாம்.

கோர்ஸ் முடிஞ்சு குறைஞ்சது நாலு வாரம் கழிச்சு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யணும். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி டாக்டரைக் கேட்டு அமில மாத்திரையை நிறுத்தணும். இல்லன்னா கிருமி இருந்தும் இல்லைன்னு காட்டலாம். நம்ம ஆளுங்க விட்டுடறது இந்தக் கடைசிப் படியைத்தான்.

மாமா மறுபடி முதல் நாள்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கார். இந்த முறை மாத்திரை அட்டையை எண்ணுறது நான்.