அணிலுக்கு அல்ட்ராசோனிக், குரங்குக்கு பிஸ்கட்

ஒவ்வொரு வருஷமும் மினி ப்ராஜெக்ட் லிஸ்ட்ல இது கண்டிப்பா இருக்கும்: அல்ட்ராசோனிக் விலங்கு விரட்டி. அர்டுயினோ, பிஐஆர் சென்சார், ஒரு பஸ்ஸர். ரிவ்யூ நாளில் சென்சார் முன்னாடி கையை ஆட்டினா எல்இடி எரியும், மார்க் விழும். அணிலைக் கேட்டீங்களா?

20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான ஒலி காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், சுவரைத் தாண்டாது. அதைவிடப் பெரிய சிக்கல் பழக்கம். சத்தத்தால ஒண்ணும் ஆகலைன்னு தெரிஞ்சதும் அணில் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்து கொய்யா கடிக்கும். ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்துவிட்டது. நாம இன்னும் டெமோ காட்டிக்கிட்டு இருக்கோம்.

செஞ்சியில் அணிலைவிடக் குரங்குதான் பெரிய தலைவலி. ராஜகிரி படியில் கையில் ஒரு கவரோட ஏறிப் பாருங்க, புரியும். மனுஷன் கையில் சாப்பாடு இருக்கும்னு அதுக்குக் கத்துக்கொடுத்தது யாரு? செல்ஃபிக்காக பிஸ்கட் நீட்டுற நாமதான். 2025 ஜூலையில், மராட்டிய ராணுவ நிலப்பரப்பின் 12 கோட்டைகளில் ஒன்றாக செஞ்சி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து இது ஒண்ணுதான். பெருமைதான், ஆனா கூட்டம் கூடினா பிஸ்கட்டும் கூடும். அதுக்கு விலை கொடுக்கிறது ஊருக்குள்ள மாதுளையும் முருங்கையும் வச்சிருக்கிறவங்க.

வேலை செய்யுற வழிகளில் பெருமையடிக்க ஒண்ணுமில்ல. பிஞ்சிலேயே பழத்துக்குத் துணிப்பை கட்டுங்க. தொட்டிகளுக்குக் கம்பிவலை போடுங்க. நைலான் வலையை அணில் கடிச்சிடும், பாம்பு வேற சிக்கிச் சாகும். மிளகாய்க் கரைசல் அணிலுக்கு எரியும், பறவைக்கு எரியாது. ஆனா ஒரு மழையோட கரைஞ்சு போயிடும்.

ஒண்ணை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீங்க: வேலிக்கு நேரடி கரண்ட். சோலார் வேலியில் வருவது ஒரு நொடிக்கு ஒரு முறை வந்துபோகும் நுண்துடிப்பு. வீட்டு லைன்ல இருந்து இழுத்தா 230 வோல்ட் விடாம பாயும், பிடிச்ச கையை எடுக்க முடியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் இப்படி ஒரு வேலியில் மூணு யானைகள் செத்தன. அந்தக் கம்பிக்கு யானை, குரங்கு, பக்கத்து வீட்டுக் குழந்தை என்ற வித்தியாசம் தெரியாது.

இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட் இன்னும் முடிவாகலையா? குரங்கால திறக்க முடியாத குப்பைத்தொட்டி மூடி ஒண்ணு டிசைன் பண்ணுங்க. மெக்கானிக்கல் பசங்களுக்கு நல்ல வேலை. டெஸ்ட் பண்ண ஆளுங்க கோட்டை வாசல்லயே காத்துக்கிட்டு இருக்காங்க.