முதனிலைத் தீர்ப்பாணையும் முப்பது நாள் கெடுவும்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசற் புஞ்சைகளைப் பற்றிய பாகப்பிரிவினை வியாஜ்யங்களில், அண்ணனுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் இன்னின்ன பங்கு என்று சிவில் கோர்ட்டு முதனிலைத் தீர்ப்பாணை பிறப்பித்தவுடன், அதில் அதிருப்தியுற்றவர், ‘கடைசித் தீர்ப்பு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று வீடு திரும்பிவிடுவதுண்டு. அந்த நம்பிக்கை அவருடைய பாத்தியதையையே போக்கிவிடக்கூடியது என்பதை எடுத்துச் சொல்வார் இல்லையே என்பதுதான் என் மனத்தாங்கல்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இவ்விஷயத்தில் இரு வேறு வழிகளை வகுத்திருக்கிறது. வழக்கின் நடுவே பிறக்கும் உத்தரவுகளுள், தடையாணை கொடுத்தல் அல்லது மறுத்தல், ரிசீவரை நியமித்தல் முதலிய சிலவற்றின் மீதே உடனடியாக அப்பீல் உண்டு. ஏனையவற்றில் பிழை நேர்ந்து, அது முடிவைப் பாதித்திருக்குமாயின், தீர்ப்பாணையின் மேல் அப்பீல் செய்யும்போது அதையும் சேர்த்து வாதிக்கலாமென்று 105-ஆம் பிரிவு இடம் தருகிறது. முதனிலைத் தீர்ப்பாணைக்கோ அந்தச் சலுகை கிடையாது: அதன்மேல் அப்பீல் செய்யாதிருந்தவர், பிற்பாடு இறுதித் தீர்ப்பாணையை எதிர்த்துச் செல்லும்போது முன்னதைக் குறித்து ஆட்சேபிக்க முடியாதென்று 97-ஆம் பிரிவு கதவை அடைத்துவிடுகிறது. கெடுவும் குறுகியது, சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ 30 நாள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதானால் 90 நாள், நகல் பெறப் பிடித்த காலம் நீங்கலாக.

ஆண்டுகள் சில கழிந்து, வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு நிலத்தில் வந்து இறங்கி, சர்வே நம்பரைப் பார்த்துக் கல் ஊன்றி, பொதுக்கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, வண்டிப்பாதை எந்த வரப்பை ஒட்டிப் போவது என்று குறித்துக்கொண்டிருக்கும் வேளையில்தான், ‘மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டிய என் பங்கு நாலில் ஒன்றானது எப்படி?’ என்ற கேள்வி எழுகிறது. கமிஷனர் என்ன செய்வார்? நிர்ணயமாகிவிட்ட பங்கை அளந்து பிரிப்பதற்கே அவருக்கு அதிகாரம்.

விதி அநியாயமானதென்று நான் சொல்லமாட்டேன். அளந்து முடித்தபின்னும் பங்கையே கிளறலாமென்றால், தாத்தா தொடுத்த வழக்கைப் பேரன்தான் முடிக்க வேண்டியிருக்கும். இடையில் வாரிசு ஒருவர் இறந்து பங்கு மாறினால் இன்னொரு முதனிலைத் தீர்ப்பாணை பிறப்பிக்கலாமென்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே கூறியிருக்கிறது. பெண்மக்களின் பங்குரிமையை நிலைநாட்டிய 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், முதனிலைத் தீர்ப்பாணை ஆகிவிட்டதென்று அவர்களுக்கு வழி மறிக்கவில்லை. இவையெல்லாம் பின்னால் வந்த மாறுதல்களுக்குப் பரிகாரம். அன்றைக்கே நேர்ந்த பிழைக்கு உரிய பரிகாரம், கெடுவுக்குள் செய்யும் அப்பீல்தான்.

ஆகையால், இந்தத் தீர்ப்பாணையால் குறைபட்டவர் இத்தனை நாளுக்குள் இன்ன நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய வேண்டும், இறுதித் தீர்ப்பாணை வரை காத்திருந்தால் அவ்வுரிமை போய்விடும் என்று, நகலின் அடியில் எளிய தமிழில் இரண்டு வரி அச்சிட உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். அதுவரையில், தீர்ப்பான அன்றே நகலுக்கு மனுப் போடும்படி கட்சிக்காரரிடம் சொல்ல வேண்டியது ஒவ்வொரு வக்கீலின் கடமை.